லைன் கிளியர்

சென்னை ரிச்சி தெருவில் போய் மோடம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் கேட்டால் யாரும் உடனே விலை சொல்லமாட்டார்கள். “இன்டர்னலா, எக்ஸ்டர்னலா?” என்று திருப்பிக் கேட்பார்கள். வந்தவர் பையில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த ஒரு கேள்வியிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். 1999 நிலவரப்படி கம்ப்யூட்டருக்குள் செருகுகிற அட்டை ஆயிரத்துச் சொச்சம். வெளியே மேஜைமேல் வைக்கிற பெட்டி கிட்டத்தட்ட அதன் மூன்று மடங்கு. எங்கள் வீட்டில் அந்த மூன்று மடங்கு செலவானதற்குக் காரணம் அப்பா. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. லைன் தெரியும்.

தெற்கு ரயில்வேயில் சிக்னல் அண்டு டெலிகாம் பிரிவில் வேலைக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவர். ரிலே, பேட்டரி, கண்ட்ரோல் போன், பிளாக் இன்ஸ்ட்ருமெண்ட் என்று வாழ்ந்தவர். நியூஜெர்சியில் இருந்த அண்ணன், “இனிமே போன் வேண்டாம், மெயில் போடுங்க, எனக்கு டாலர் மிச்சம்” என்று சொன்ன பிறகுதான், போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்கும் மோடம் என்ற பேச்சே வீட்டில் எழுந்தது. பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகப் போனோம். அப்பாவிடம் பாஸ் இருக்கும்போது பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது அவருக்குப் பிடிக்காது.

அன்றைய ரிச்சி தெருவை இன்றைக்கு மொபைல் கவர் விற்கிற தெருவாக மட்டும் பார்ப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். ஒரு பக்கம் மீரான் சாகிப் தெரு, சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள், படப்பெட்டிகள். இந்தப் பக்கம் நரசிங்கபுரம் தெரு, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ரெசிஸ்டர் சரங்கள். நடுவில் ஐந்தடிக்கு ஐந்தடி கடைகளில் கம்ப்யூட்டர் சாமான்கள் வந்து குடியேறியிருந்தன. சாலிடர் புகையும் மாட்டுச்சாணமும் சேர்ந்து அடிக்கும். “பில்லோடவா, பில் இல்லாமலா?” என்பது இரண்டாவது கேள்வி. அப்பா பில்லோடு வாங்குகிறவர். அதனாலேயே பாதிக் கடைகளில் எங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

உள்மோடத்தில் அப்போது நிறைய வந்துகொண்டிருந்தது வின்மோடம் என்கிற வகை. மோடத்தின் மூளையாக இருக்க வேண்டிய சில்லை எடுத்துவிட்டு, அந்த வேலையையும் கம்ப்யூட்டரின் பிராசசர் தலையிலேயே கட்டியிருப்பார்கள். விலை குறைவதற்குக் காரணம் அதுதான். பெண்டியம் 133 வைத்திருந்தவனுக்கு அது ஒரு பாரம். அதைவிட, விண்டோஸ் இல்லாத இடத்தில் அது வெறும் தகடு. பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த லினக்ஸ் குறுந்தகடு ஒன்றை நான் வைத்திருந்தேன். அதற்காகவாவது அசல் மோடம் வேண்டும் என்பது என் கட்சி. இதை அப்பாவிடம் சொல்லவில்லை, லினக்ஸ் என்றால் என்ன என்பதில் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

தேவையும் இருக்கவில்லை. கடைக்காரத் தம்பி அட்டையை எடுத்து நீட்டினான்.

“இதுல லைன் வந்துருச்சா இல்லையான்னு எப்படித் தெரியும், தம்பி?”

“ஸ்கிரீன்ல காட்டும் சார்.”

“ஸ்கிரீன் என்ன சொல்லுதோ அது ஸ்கிரீன் பேச்சு. லைன்ல என்ன நடக்குது?”

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிப் பிரித்து வைத்தான். முன்முகத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டெழுத்து. எம்.ஆர்., டி.ஆர்., எஸ்.டி., ஆர்.டி., சி.டி., ஓ.எச்., ஏ.ஏ., எச்.எஸ். அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓ.எச். என்றால் ரிசீவரை எடுத்த நிலை. சி.டி. என்றால் எதிர்முனையின் அலை வந்து நிற்கிறது. எஸ்.டி. நாம் அனுப்புவது, ஆர்.டி. நமக்கு வருவது. அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. விளக்கு வைத்த கருவி, அதுவும் விளக்குக்கு அர்த்தம் எழுதி வைத்த கருவி. விலை பேச மட்டும் கால் மணி நேரம் ஆயிற்று.

எந்தக் கம்பெனி என்பதில் நானும் கொஞ்சம் வாதாடினேன். அன்று ராஜா யு.எஸ். ரோபாட்டிக்ஸ். ஐசக் அசிமவின் கதைகளில் வரும் ரோபாட் கம்பெனியின் பெயரைப் பார்த்துத் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். கதை படிக்கிறவன் என்பதால் எனக்கு அதன்மேல் ஆசை. விலை கேட்டதும் ஆசை அடங்கியது. கடைசியில் வாங்கியது தைவானில் செய்த, உள்ளே ராக்வெல் சில்லு வைத்த ஒரு பெட்டி. மேலட்டையில் பெரிதாக 56கே, அதன்கீழ் வி.90.

வி.90 என்ற அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு சண்டை முடிந்திருந்தது. 1997இல் 56கே மோடங்கள் வந்தபோது இரண்டு சாதிகளாக வந்தன. யு.எஸ். ரோபாட்டிக்ஸ் கொண்டுவந்தது எக்ஸ்2. ராக்வெல்லும் லூசென்ட்டும் சேர்ந்து கொண்டுவந்தது கே56ஃப்ளெக்ஸ். ஒன்றுக்கு இன்னொன்றின் பேச்சு புரியாது. இணையக் கணக்கு வாங்கிய இடத்தில் எது இருக்கிறதோ அதைப் பார்த்து மோடம் வாங்க வேண்டும். மாறி வாங்கினால் 56 பழைய 33.6க்கு இறங்கி நிற்கும். 1998இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வி.90 என்று ஒரே தரத்தை நிறுவியதும் இரண்டு பக்கமும் சமாதானமாயின. நாங்கள் ஒரு வருஷம் தாமதமாகக் கடைக்குப் போனது ஒருவகையில் லாபம். எந்த மோடம் வாங்கலாம் என்று என்னைக் கேட்ட நண்பர்களுக்கெல்லாம் அந்த நாட்களில் நான் கொடுத்த ஒரே யோசனை, அட்டைப்பெட்டியில் வி.90 எழுதியிருக்கிறதா பார் என்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிவிட முடிந்ததா என்றால் இல்லை. பழைய கேபினெட்டில் சீரியல் போர்ட் இரண்டு. ஒன்பது பின் உள்ளதில் மவுஸ் உட்கார்ந்திருந்தது. மீதியிருந்தது இருபத்தைந்து பின். மோடத்தோடு வந்த கேபிளின் முனை ஒன்பது. கன்வர்ட்டர் வாங்க மறுபடி ரிச்சி தெரு. அதற்கு மேல் யுஆர்ட் என்று ஒரு விஷயம். சீரியல் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சில்லு பழைய 8250 அல்லது 16450 வகையாக இருந்தால், வருகிற ஒவ்வொரு எழுத்துக்கும் பிராசசரைத் தட்டி எழுப்பும். அது எழுந்து வருவதற்குள் அடுத்த எழுத்து வந்து முந்தையதை அழித்துவிடும். 16550ஏ என்றால் பதினாறு எழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு தட்டும். வேகமான வெளிமோடத்தை வாங்கிப் பழைய 486இல் மாட்டிவிட்டு, மோடம் சரியில்லை என்று கடைக்காரனோடு மல்லுக்கு நின்ற பலர் திட்டியிருக்க வேண்டியது இந்தச் சில்லைத்தான். விண்டோஸ் 95இல் மோடம் என்ற பகுதிக்குள் போய் டயக்னாஸ்டிக்ஸை அழுத்தினால் சில்லின் பெயர் வரும். எங்களுடையதில் 16550 என்று வந்தது. அன்றைக்கு எனக்கு அது பரீட்சை ரிசல்ட்.

அதற்கப்புறமும் மோடம் டயல் செய்ய மறுத்தது. ‘டயல் டோன் இல்லை’ என்று திரையில் வந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் நன்றாகவே கேட்கிறது. நான் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தார். “இது நம்ம ஊர் டோன்தான். அந்தப் பெட்டிக்கு எந்த ஊர் டோன் தெரியும்?” என்றார்.

விஷயம் அதுவேதான். அமெரிக்காவில் டயல் டோன் என்பது 350 ஹெர்ட்ஸும் 440 ஹெர்ட்ஸும் சேர்ந்த ஒலி. நம்முடையது 400 ஹெர்ட்ஸ் அதிர்ந்து அதிர்ந்து வருவது, அந்த உர்ர்ர் சத்தம். அமெரிக்க ஒலிக்குப் பழக்கப்படுத்தி அனுப்பிய பெட்டி, இங்கே லைன் செத்திருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தது. மோடத்துக்குக் கொடுக்கும் ஆரம்பக் கட்டளையில் ஏடிஎக்ஸ்3 என்று சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் நேராக டயல் செய்யும். சேர்த்ததும் உள்ளே ‘டிக்’ என்று ரிலே விழுந்தது. அந்தச் சத்தத்தை அப்பா உடனே அடையாளம் கண்டுகொண்டு, “ரிலே நல்ல ரிலேதான்” என்று சான்றிதழ் கொடுத்தார்.

பிறகு வந்தது அந்தக் கூச்சல். இணையத்தின் பழைய காலத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் அந்தச் சத்தத்தை எழுத முயன்று கீ, கர்ர், ஷ்ஷ் என்று முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது புரிந்தது அப்பா சொன்ன விதத்தில். ஒற்றைப் பாதையில் ஒரு வண்டியை அனுப்ப வேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது. பிளாக் இன்ஸ்ட்ருமெண்ட்டில் மணியைத் தட்டி அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிடுவார். அங்கிருந்து பதில் மணி வரும். அனுப்பட்டுமா, என்ன வண்டி, பாதை காலியா, இப்படி மணியின் எண்ணிக்கையிலேயே கேள்வி, மணியின் எண்ணிக்கையிலேயே பதில். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் நீல் கருவியிலிருந்து இரும்புப் பந்து வெளியே விழும். அதை வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுத்த பிறகே வண்டி நகரும். “இதுவும் லைன் கிளியர் கேக்குதுடா” என்றார் அப்பா.

உண்மையிலேயே அதுதான் நடக்கிறது. முதலில் எதிர்முனை 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஓசை எழுப்பும். எதிரொலியை அடக்குவதற்காகத் தொலைபேசி வலையில் வைத்திருக்கும் கருவிகளை ஒதுங்கச் சொல்வதற்கு அந்த ஓசை. அடுத்து எனக்கு இன்ன இன்ன தரம் தெரியும், உனக்கு எது தெரியும் என்ற விசாரிப்பு. பிறகு பல சுருதிகளை ஒன்றாக அனுப்பி, இந்தக் கம்பியில் எந்தச் சுருதி தேறுகிறது, எது அமுங்குகிறது என்று அளப்பார்கள். கடைசியில் வரும் சீறல், அளந்ததை வைத்து இரண்டு பெட்டிகளும் தங்களைத் திருத்திக்கொள்ளும் நேரம். எல்லாம் ஒத்துப்போனதும் ஸ்பீக்கர் சட்டென்று ஊமையாகும், சி.டி. விளக்கு எரியும். அப்பா அந்த விளக்குக்காகக் காத்திருந்து, எரிந்ததும் எழுந்து போவார். பிறகு திரையில் நான் எதைப் பார்த்தாலும் அவருக்கு அக்கறை இல்லை.

கொஞ்ச நாளில் சத்தத்தை வைத்தே என்ன வேகம் கிடைக்கும் என்று சொல்லப் பழகிவிட்டோம். சீறல் ஒரே மூச்சில் முடிந்தால் நல்ல லைன். இரண்டு தடவை இழுத்தால் 28,800க்கு மேல் போகாது. அட்டைப்பெட்டியில் போட்டிருந்த 56கே எங்கள் தெருவில் ஒருநாளும் வந்ததில்லை. வரவும் வராது. எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையில் நம் குரல் விநாடிக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் எட்டு பிட், ஆக 64,000 பிட்டாகப் போகிறது. கணக்கு கொடுத்த நிறுவனம் நேரடியாக டிஜிட்டலில் இணைந்திருந்து, எக்ஸ்சேஞ்சிலிருந்து நம் வீடு வரைக்கும் மட்டுமே பழைய செம்புக் கம்பி என்றால்தான் 56ஐ நெருங்கலாம். அதுவும் இறக்கத்தில் மட்டும். நாம் அனுப்புவது 33,600ஐத் தாண்டாது. எங்கள் செம்போ பில்லர் பெட்டி, மரக்கிளை, இரண்டு மூன்று ஜாயிண்ட் எல்லாம் தாண்டி வருவது. 31,200 கிடைத்தால் அப்பாவுக்குத் திருப்தி. எதிர்வீட்டு மாமா மட்டும் தன்னுடைய உள்மோடத்தில் 115,200 கிடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் உள்ள போர்ட்டின் வேகம், லைனுடையது அல்ல. அவருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

மூன்று நிமிடத்துக்கு ஒரு கால் என்று மீட்டர் ஓடும். அது தவிர, இணையக் கணக்கையும் மணிக்கணக்கில்தான் விற்றார்கள். 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது சென்னையும் அந்த முதல் நகரங்களில் ஒன்று. ஆனாலும் 1998 கடைசியில் தனியாருக்கு அனுமதி கொடுத்து, சத்யம் ஆன்லைன் முதலானவை வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்கிற விலைக்கு அது இறங்கியது. மணிகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கடையில் விற்றார்கள். இத்தனை மணி நேரம் இணையம், இன்ன தேதிக்குள் தீர்க்க வேண்டும்.

அதனால் யாரும் நெட்டில் ‘இருக்க’ மாட்டோம். போவோம், வருவோம். அம்மா அண்ணனுக்குச் சொல்லவேண்டியதை முதல்நாளே யோசித்து வைத்திருப்பாள். அவள் சொல்லச் சொல்ல, இணைப்பு இல்லாமலே முழுக்கடிதத்தையும் தட்டி வைத்துக்கொள்வேன். பிறகு டயல், அனுப்பு, வந்ததை இறக்கு, துண்டி. அண்ணன் எழுதியதை மீட்டர் ஓடாத நேரத்தில் நிதானமாக வாசிப்போம். நாலு வரிதான் எழுதியிருப்பான். அம்மா அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்வாள். கால் மணிக்கு ஒரு செய்தி என்று இப்போது எங்கள் குடும்பக் குழுவில் வருகிறவற்றை நான் ஒருதடவைகூட முழுதாக வாசிப்பதில்லை. இதை ஒப்பிட்டுப் பெருமூச்சு விட்டுப் பயனில்லைதான். அந்த நாலு வரியும் அப்படியொன்றும் இலக்கியம் இல்லை, பனி பெய்கிறது, கார் ரிப்பேர் என்றுதான் இருக்கும்.

அம்மாவுக்கு அந்த எட்டு விளக்குகளில் ஒன்று தெரியும். ஓ.எச். அது எரிந்தால் போனைத் தொடக்கூடாது. ஹாலில் இருந்த போனும் மோடமும் ஒரே லைனில் இணையாக இருந்தவை. யாராவது ரிசீவரை எடுத்தால் கீழே இறங்கிக்கொண்டிருந்த கோப்பு அந்தரத்தில் நிற்கும். “ஓ.எச். எரியுது, எடுக்காதே” என்று விருந்தாளிகளை எச்சரிக்கும் அளவுக்கு அவள் தேறியிருந்தாள். திருச்சியிலிருந்து அத்தை போன் செய்து செய்து சலித்து, “ஒங்க வீட்டு போன் நாள்பூரா எங்கேஜ், வீட்ல என்ன கல்யாணமா?” என்று கடிதம் போட்டுக் கேட்டாள். எக்ஸ்டர்னல் மோடத்தின் உண்மையான உபயோகம் எனக்குப் பட்டது இந்த இடத்தில்தான். உள்மோடம் வாங்கியிருந்தால் போனை எடுக்கலாமா கூடாதா என்பது என் ஒருவனுக்குத் தெரிந்த ரகசியமாக இருந்திருக்கும். பெட்டி வெளியே இருந்ததால், கம்ப்யூட்டரைத் தொடாதவர்களுக்கும் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. இன்றைக்கு வீட்டு மூலையில் இருக்கும் ரவுட்டரில் விளக்குகள் உண்டு. அவை எரிகிற வரைக்கும் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு லைனும் எதிர்முனையும் காலியாக இருக்கும் என்பதால் பெரிய கோப்புகளை அப்போதுதான் இறக்குவேன். வீடு முழுக்கத் தூங்கும் நேரத்தில் அந்தச் சீறல் ஆகாது. ஏடிஎம்0 என்று ஒரு கட்டளை, ஸ்பீக்கர் அடங்கிவிடும். மறுநாள் காலை அப்பா கேட்பார், “ராத்திரி நெட்டுக்குப் போனியா? சத்தமே கேக்கலையே.” மோடத்தின் வாயை அடைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மணியைக் கழற்றிவிட்டு பிளாக் இன்ஸ்ட்ருமெண்ட் வேலை செய்யுமா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த ஏடி கட்டளைகளுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 1981இல் ஹேய்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி ஸ்மார்ட்மோடம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. விநாடிக்கு 300 பிட். அதற்கு முன்னால் பெரும்பாலான மோடங்களுக்கு ரிசீவரை எடுத்து நாமே எண்ணைச் சுழற்ற வேண்டும். ஸ்மார்ட்மோடத்துக்குக் கம்ப்யூட்டரிலிருந்தே எழுத்தில் கட்டளை கொடுக்கலாம். ஏடி என்றால் கவனி, டி என்றால் டயல் செய், எச் என்றால் வை. எல்லாக் கம்பெனியும் அந்த மொழியையே எடுத்துக்கொண்டன. எங்கள் தைவான் பெட்டியும் ஹேய்ஸ் மொழிதான் பேசியது. நாங்கள் அதை வாங்கிய 1999இன் தொடக்கத்தில் ஹேய்ஸ் கம்பெனி திவாலாகி, சொத்துகள் விற்கப்பட்டு மூடப்பட்டுவிட்டது. ஆனால் மொழி போகவில்லை. கைபேசிகளுக்குள் இருக்கும் மோடம்கூட ஏடி என்றால் சரி என்று பதில் சொல்கிற ஜாதிதான்.

தமிழும் அந்தக் கம்பியில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருந்தது. படங்கள் கிடையாது, வெறும் எழுத்து. 31,200இல் அது பெரிய வரம். ஒரு சினிமாப் பாட்டு இறங்க இருபது நிமிடம் ஆகிற லைனில், திருக்குறள் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டது. எழுத்தைச் சுருக்கி அனுப்பும் வி.42பிஸ் என்ற வித்தை மோடத்துக்குள்ளேயே உண்டு. ஏற்கெனவே சுருக்கப்பட்ட பாட்டையும் படத்தையும் அது ஒன்றும் செய்ய முடியாது, எழுத்து என்றால் குஷியாகிவிடும். ஆனால் இறங்கியதைத் திறந்தால் கட்டமும் கொம்புமாகத் தெரியும். எந்த எழுத்துருவில் தட்டினார்களோ அதே எழுத்துரு நம்மிடமும் வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் பேசி முடித்தார்கள் என்றாலும், எங்கள் கம்ப்யூட்டரில் எழுத்துருக்களின் கூட்டம் குறையவேயில்லை. அண்ணன் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலை அங்கே நிறுவிக்கொண்ட பிறகு அம்மாவின் கடிதங்கள் தமிழிலேயே போயின. அதுவரை அவள் சொன்ன ‘சௌக்கியமா’வை நான் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்து, இதில் என் பேச்சு எங்கே இருக்கிறது என்று கேட்பாள்.

ஐப்பசி பிறந்தால் மோடத்துக்குக் கெட்ட காலம். மழை பெய்தால் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கி லைனில் கரகரப்பு. 31,200 என்பது 19,200 ஆகும், சில நாள் சீறலோடு நின்றுவிடும். லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி, பழைய முறுக்கை வெட்டிப் புதிதாக முறுக்கிவிட்டுப் போவார். அப்பாவுக்கும் அவருக்கும் தொழில் சிநேகம். டீ குடித்தபடி, எந்த பில்லரில் எந்த ஜோடி நல்ல ஜோடி என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். அப்படிப் பேசியே ஒரு நல்ல ஜோடிக்கு எங்கள் லைன் மாறியது. 44,000 என்ற எண்ணைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மின்னல்தான் பெரிய எதிரி. கரண்ட் லைனை அணைத்துவிட்டு போன் லைனை மறந்தவர்களின் மோடங்கள் ஒவ்வொரு மழைக்காலமும் தெருவில் கருகின. எதிர்வீட்டு மாமாவின் உள்மோடம் போனபோது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டே போனது. எக்ஸ்டர்னலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கு நியாயம் கேட்பவர்களுக்குச் சொல்ல இதைவிடப் பலமான காரணம் கிடையாது. வருகிற இடி பெட்டியோடு நிற்கும், மிஞ்சிப்போனால் சீரியல் போர்ட் போகும். அப்பா அதையும் நம்பவில்லை. ரயில்வேயில் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் போடுகிற வாயுக் குழாய்த் தடுப்பானை எங்கேயோ பிடித்துவந்து ரோசெட் பெட்டிக்குள் பொருத்தினார். அதற்குமேல் வானம் உறுமினால் ஓடிப்போய் லைனைப் பிடுங்குவார். அடிக்கடி பிடுங்கி லைன் வயரின் சின்னக் கண்ணாடி போன்ற முனையின் நாக்கு உடைந்து, இணைப்பு தானாகவே நழுவ ஆரம்பித்தது. தீக்குச்சியைச் செருகி நிறுத்தினோம்.

2005இல் பிராட்பேண்ட் வந்தது. போனும் நெட்டும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் போகும் என்று லைன்மேன் ஒரு ஸ்பிளிட்டரை மாட்டிவிட்டுப் போனார். 256 கிலோபிட். வேகத்தை நினைத்து நான் தூங்கவில்லை. அம்மா மட்டும் வெகுநாள் வரைக்கும் ரிசீவரில் கைவைப்பதற்கு முன் என் அறைப் பக்கம் திரும்பி, “எடுக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பழைய பெட்டி உடனே பரணுக்குப் போகவில்லை. அதனால் ஃபேக்ஸ் அனுப்ப முடியும். அப்பாவுக்குப் பென்ஷனர் சங்கக் கடிதங்கள் இருந்தன. எங்கோ ஒரு அலுவலகத்தின் ஃபேக்ஸ் எண்ணை வாங்கிவந்து, தட்டிக்கொடு என்பார். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைக்கச் சொல்வார். ஃபேக்ஸுக்கும் அதே கேள்வி பதில்தான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். எதிர்ப்பக்கம் காகிதம் தீர்ந்திருந்தால்கூட சத்தத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் சாதித்தார். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு சங்கமும் மின்னஞ்சலுக்கு மாறியது.

புதிய கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட்டே இல்லாமல் வந்தபோது பெட்டியின் கதை முடிந்தது. பக்கத்து வீட்டில் பாலிடெக்னிக் படித்த பையன் கேட்டு வாங்கிப்போய்ப் பிரித்தான். அப்பா கூடவே போய் உட்கார்ந்துகொண்டார். ரிலேயையும், லைன் டிரான்ஸ்ஃபார்மரையும், 16550க்குப் பக்கத்து சங்கதியான லைன் டிரைவர் சில்லுகளையும் பையன் எடுத்துக்கொண்டான். அடாப்டரை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான், அது 9 வோல்ட் ஏசி, டிசி கருவி எதற்கும் நேராக ஆகாது. அப்பா நாலு டயோடு, ஒரு ஆயிரம் மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு 7809 ரெகுலேட்டர் வாங்கிவரச் சொன்னார். மூன்றும் ரிச்சி தெருவில் இருபது ரூபாய்க்குள் கிடைத்தன. சோப்பு டப்பாவுக்குள் கட்டி, தன் ரேடியோவுக்கு இணைத்துக்கொண்டார். முதலில் கொஞ்சம் ஹம் இருந்தது. இன்னொரு கெப்பாசிட்டர் சேர்த்தார், போய்விட்டது. டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு ஒரு சிவப்பு விளக்கும் வைத்திருந்தார்.